மேற்கோள் அக்காவின் பெயர்மேல் ஒரு சிவப்பு வரி

ஐந்து நிமிடத்தில் முடியுங்கள் என்று என்னிடம் சொல்லி, அது நடக்காது என்று தெரிந்தே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கும் தலைவர், தாவரவியல் ஆசிரியை அம்மா அவர்களே! மேடையின் இடப்பக்கம் அமர்ந்து, சிரிக்கிறவர்களின் சொத்தைப் பற்களை எண்ணிக்கொண்டிருக்கும் பல் டாக்டர் அவர்களே! கால்புள்ளி போடவே கருவில் உருவான கனவான்களே! போட்ட கால்புள்ளியைப் பிடுங்கவே பூமிக்கு வந்த பெருமாட்டிகளே! வயதிலும் வாசிப்பிலும் மூத்த பெரியோர்களே! பிள்ளைகள் சம்பளமே இல்லாமல் கணினி முன் அப்படி என்னதான் எழுதுகிறார்கள் என்று இன்றுவரை விளங்காமல், ஆனாலும் பக்கத்தில் தேநீரை வைத்துவிட்டுப் போகும் தாய்மார்களே! முதல் வரிசையில், அம்மா இல்லாத முதல் கூட்டத்துக்கு வந்து அமர்ந்திருக்கும் மகளே! நாற்பது ஆண்டுகள் லிஃப்ட் பழுது பார்த்து, ஏறிய உயரமெல்லாம் இறங்கி வந்த இந்த எளியவனின் வணக்கம்.

இந்த ஒலிவாங்கியின்மீது ஆணையிட்டுச் சொல்கிறேன். இன்று நான் சொல்லப் போகும் கதையை இந்த அரங்கில் ஒருவர்கூட நம்பப் போவதில்லை. என் பெயர் இங்கே பலருக்குத் தெரியாது. ‘புளுகு மாமா’ என்றால் வண்டி நிறுத்துமிடத்துக் காவலருக்கும் தெரியும். மழை பெய்கிறது என்று நான் சொன்னால், நனைந்துகொண்டே நிற்கிறவர்கூட ஒருமுறை மேலே பார்த்துவிட்டுத்தான் நம்புவார்.

சிரியுங்கள், சிரியுங்கள். சிரிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது.

இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஏழாவது பொருள் என்ன? நம் இணையக் கலைக்களஞ்சியத்தில், மேற்கோள் அக்காவின் பயனர் பக்கத்தில், அவர் பெயருக்கு மேலே ஒரு சிவப்பு வரி நிற்கிறது. ‘இவர் சேர்த்த சான்றுகள் அனைத்தும் ஐயத்துக்குரியவை.’ அந்த வரியை எடுப்பதா, விடுவதா? அதுதான் ஏழாவது பொருள். அக்கா போய் நான்கு மாதம் ஆகிறது. ஆள் போய்விட்டார், வரி போகவில்லை. அந்த வரியை எடுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன். வேறெதற்கும் இல்லை.

தாய்மார்களுக்காக ஒன்று சொல்கிறேன். எங்கள் களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் எழுதியது எந்த நூலில் இருக்கிறது, எந்த ஆண்டு, எத்தனையாம் பக்கம் என்று அடியில் குறிப்புப் போட வேண்டும். எழுத ஆயிரம் பேர் வருவோம், ஆர்ப்பரித்து வருவோம், அலைகடலென வருவோம்! அடிக்குறிப்புப் போட? அலை அப்படியே பின்வாங்கும். கரையில் ஒருவர் மட்டும் நிற்பார். அவர்தான் அக்கா.

அக்காவுக்கு வேலை ஒரு கண்ணாடிக் கடையில். பின்பக்கம் ஒரு சின்ன அறை. வில்லையைத் தேய்க்கும் இயந்திரம், நகத்தளவு திருப்புளி, கண்ணுக்கே தெரியாத திருகாணிகள். பகலெல்லாம் ஊராரின் பார்வையைச் சரிசெய்வார். மாலையில் நம்முடைய பார்வையைச் சரிசெய்வார். என்னைவிடப் பதினோரு வயது இளையவர். ஆனாலும் நானும் அக்கா என்றுதான் அழைத்தேன். பக்க எண் தெரிந்தவர் யாராக இருந்தாலும் எனக்கு மூத்தவர்தான்.

ஒன்பதாயிரம் அடிக்குறிப்புகள் போட்டார்! ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவுக்குப் போய், அங்கே இளைப்பாறி, திரும்பும் வழியில் இரண்டு விண்மீன்களுக்கு விலாசமும் சொல்லிவிட்டு வரலாம்! அதில் பாதி அவருடைய கட்டுரைகளுக்கு அல்ல, நம்முடைய கட்டுரைகளுக்கு. வெட்டி எறிய வந்தவர் அல்ல அவர். கேட்டுவிட்டுத் தேடியவர். பல் டாக்டர் எறும்பைப் பற்றி எழுதிய கட்டுரை நினைவிருக்கிறதா? சான்று என்ற இடத்தில் ‘நானே பார்த்தேன்’ என்று எழுதியிருந்தார். வேறு யாராவது என்றால் கட்டுரையையே தூக்கியிருப்பார்கள். அக்கா என்ன எழுதினார்?

“டாக்டர், உங்க கண்ணை நான் நம்புறேன். ஆனா உங்க கண்ணுக்குப் பக்க எண் இல்லையே! ரெண்டு நாள் குடுங்க, வேற யாராவது இதையே பாத்து எழுதியிருக்காங்களான்னு தேடிட்டு வர்றேன்.”

இரண்டு நாளில் மூன்று நூல்களோடு வந்தார். டாக்டர், தலையைக் குனியாதீர்கள். நானும் பிறகு குனியத்தான் போகிறேன்.

இப்படிப்பட்டவரின் பெயர்மேல் சிவப்பு வரி எப்படி ஏறியது? ஏற்றியவர் யார்?

நம் இரும்புப் பாலத்தைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. அதில் ஒரு வரி இருந்தது. ‘இப்பாலத்துக்கு வண்ணம் பூசியவர் ஒரே ஒரு தொழிலாளி. இரு கைகளிலும் இரு தூரிகை பிடித்து, ஆறே நாளில், ஒருமுறைகூடக் கீழே இறங்காமல் பூசி முடித்தார்.’ அதை எழுதியவன் நான். அது உங்களுக்கும் தெரியும். எதற்காக எழுதினேன் என்பது தெரியாது.

என் அப்பா அந்தப் பாலத்துக்கு வண்ணம் பூசியவர்களில் ஒருவர். வேலை தொடங்கிய பத்தாவது மாதம் அவர் தொங்கிய கயிறு அறுந்தது. எனக்கு அப்போது வயது ஆறு. பாலத்தைத் திறந்து வைத்தவரின் பெயர் கல்லில் இருக்கிறது. வரைந்த பொறியாளரின் பெயர் கல்லில் இருக்கிறது. இரும்பு வார்த்த தொழிற்சாலையின் பெயர்கூட ஒவ்வொரு தூணிலும் புடைத்து நிற்கிறது. அப்பாவின் பெயர்? அவர் பூசிய வண்ணத்துக்கு மேலே இன்னும் ஏழு வண்ணம் பூசிவிட்டார்கள். அப்படி ஒரு மனிதர் இருந்தார் என்பதற்கு நான் மட்டும்தான் சான்று. நானோ புளுகு மாமா! எனவே பெரிதாகவே எழுதிவிட்டேன். ‘கீழே விழாமல்’ என்று எழுதத்தான் ஆசை. கை வரவில்லை. ‘கீழே இறங்காமல்’ என்று எழுதினேன்.

அக்கா கடையில் வைத்துக் கேட்டார். “அண்ணே, இது எதுல இருக்கு?”

“வீட்டுல சொன்னதும்மா. பூசினவர் எங்கப்பா.”

“வீட்டுல சொன்னா எனக்குப் போதும்ணே. களஞ்சியத்துக்குப் போதாதே! ‘சான்று தேவை’ன்னு பக்கத்துல போட்டு வைக்கிறேன். கோவிச்சுக்காதீங்க, தேடுவோம்.”

அந்தக் குறி இரண்டு ஆண்டுகள் நின்றது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாளிதழின் இணைப்பில் பாலத்தைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. ஏழாம் பக்கத்தில், ‘ஒரே தொழிலாளி, ஆறே நாள்!’ எழுதியவர் நம் களஞ்சியத்தைப் பார்த்து எழுதியிருந்தார். வரிக்கு வரி என் வரி. எனக்குத் தெரியாதா? தெரியும்! தெரிந்தேதான் தாளைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு மறுநாளே கடைக்கு ஓடினேன்.

“அக்கா, பாத்தீங்களா? அச்சாயிடுச்சு!”

அக்கா ஒரு சட்டத்தில் வில்லையைப் பொருத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து படித்தார். “இவங்களுக்கு எங்க இருந்து கெடச்சுதாம்?” என்று கேட்டார்.

“நான் அந்த ஆபீசுக்கே போய்க் கேட்டுட்டேன். பழைய தொழிலாளிங்க ரெண்டு மூணு பேரை நேர்ல பாத்து விசாரிச்சாங்களாம்.”

எந்த அலுவலகம்? எந்தத் தொழிலாளி? நான் எங்கும் போகவில்லை. யாரையும் கேட்கவில்லை. என் வாழ்நாளில் வானளவு புளுகியிருக்கிறேன், மலையளவு புளுகியிருக்கிறேன். அவற்றை ஒருவரும் நம்பியதில்லை, எனவே ஒருவருக்கும் கேடில்லை. இந்த ஒன்றை மிகச் சின்னதாக, மிக மெதுவாகச் சொன்னேன். அக்கா நம்பினார்.

“அப்பாவுக்காக நீங்களே அலைஞ்சீங்களாண்ணே?” என்று கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அன்று மாலையே அடிக்குறிப்பு ஏறியது: நாளிதழ், நாள், பக்கம் ஏழு.

நான் எழுதியதைப் பத்திரிகை எழுதியது. பத்திரிகை எழுதியதைக் காட்டி நான் எழுதியது உண்மையானது! என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். அதற்கு அக்காவின் கையைப் பயன்படுத்திக்கொண்டேன்.

ஒன்றரை ஆண்டு கழித்து அதைக் கண்டுபிடித்தவர் அதோ, வாசலோரம் நிற்கிறார். நீதிமன்றத்தில் தட்டச்சர், சான்றில்லாத வரிகளை வெட்டுவதால் நம்மிடையே கத்தரிக்கோல். வாருங்கள் தம்பி, ஏன் அங்கேயே நிற்கிறீர்கள்? உங்கள்மேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. களஞ்சியத்தில் அந்த வரி ஏறிய நாளையும் பத்திரிகை வந்த நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்கள். சரியாகத்தான் பார்த்தீர்கள். கட்டுரையைப் பற்றி நாம் விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் அக்காவிடம் கேட்டீர்கள், அந்தத் துணுக்கை உங்களுக்கு யார் கொடுத்தது என்று. அக்கா எழுதிய பதில் இன்னும் அங்கே இருக்கிறது. ‘சேர்த்தது நான். செய்தி எங்கிருந்து வந்தது என்று பார்க்கத் தவறியதும் நான்.’ அவ்வளவுதான். என் பெயர் இல்லை. ‘ஒருவர்’ என்றுகூட இல்லை.

சிவப்பு வரி ஏறியது. இனி அவர் எதையும் நேரடியாகச் சேர்க்கக் கூடாது என்று முடிவாயிற்று. பாலத்துக் கட்டுரையிலிருந்து என் வரி போயிற்று. அப்பா இரண்டாம் முறை விழுந்தார்.

நான் என்ன செய்தேன்? லிஃப்டில் சிக்கியவர்களை நாற்பது ஆண்டுகள் வெளியே எடுத்தவன் நான்! உள்ளேயிருந்து தட்டினால் எத்தனையாம் மாடி என்று காதை வைத்தே சொல்லுவேன்! அக்கா உள்ளே சிக்கினார். தட்டவும் இல்லை. நான் கதவுக்கு வெளியே, கையில் சாவியோடு, சும்மா நின்றேன். கடைப் பக்கம் போவதை விட்டேன். வில்லை மாற்றக் கொடுத்திருந்த என் கண்ணாடியைக்கூட வாங்கப் போகவில்லை. எட்டு மாதம் பழைய கண்ணாடியோடு, பாதி மங்கலாக, உங்களோடெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

அந்த எட்டு மாதத்தில் அக்கா தன்னுடைய ஒன்பதாயிரம் குறிப்புகளையும் முதலிலிருந்து சரிபார்க்கத் தொடங்கினார். உடம்புக்கு முடியவில்லை என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. மகளே, உனக்குத் தெரியும். மருத்துவமனைப் படுக்கையிலும் நூலகப் புத்தகத்தை மடியில் வைத்திருந்தார் என்று நீதான் சொன்னாய். ஏழாயிரத்து முந்நூறு வரை வந்தார். நான்கு பக்க எண்கள் தவறு என்று கண்டார். அந்த நான்கையும் பேச்சுப் பக்கத்தில் தானே ஊரறிய எழுதி வைத்தார். ஏழாயிரத்து முந்நூறில் நான்கு! அதற்குமேல் கை ஓய்ந்துவிட்டது.

பின்வரிசையில் யாரோ முணுமுணுக்கிறீர்கள். கேட்கிறது. ‘மாமா பாசத்துல பழியைத் தன்மேல போட்டுக்கிறார்’ என்கிறீர்கள். சொன்னேனே, ஒருவரும் நம்ப மாட்டீர்கள் என்று! சான்று எங்கே என்கிறீர்கள். இல்லை, ஐயா. கடையில் அன்று இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் போய்விட்டார். இன்னொருவன் புளுகன். வாழ்க்கையில் முதன்முறையாக ஓர் உண்மையைச் சொல்கிறேன், அதற்கு அடிக்குறிப்பு இல்லை. அடிக்குறிப்புத் தேடித் தருகிறவரும் இல்லை. இதைவிட ஒருவனுக்கு என்ன தண்டனை வேண்டும்?

என்னை நம்ப வேண்டாம். அக்காவைச் சரிபாருங்கள்.

அடக்கம் முடிந்த மறுவாரம் மகள் என் வீட்டுக்கு வந்து ஒரு கண்ணாடிக் கூட்டைக் கொடுத்தாள். “மாமா, அம்மா இதை உங்ககிட்டக் குடுக்கச் சொல்லிட்டே இருந்தாங்க. நீங்க வருவீங்கன்னு பாத்தாங்க” என்றாள். உள்ளே புதிய வில்லை போட்ட என் கண்ணாடி. கீழே மடித்த ஒரு துண்டுத் தாள்.

‘அண்ணே, கண்ணாடி ரெடி. பொதுப்பணித்துறை நூலகத்துல பழைய பொறியாளர் காலாண்டிதழ் ஒண்ணு கெடச்சுது. பாலத்து வேலையைப் பத்தி ஆறு பக்கம். இருநூத்திப் பன்னிரண்டாம் பக்கத்துல படம் இருக்கு, கீழே அப்பா பேரும் இருக்கு. நான் இப்போ எதையும் சேர்க்கக் கூடாது. நீங்களே சேத்துடுங்க.’

நான் தலைமறைவாகத் திரிந்த நாட்களில், அந்த மனுசி எனக்காகத் தேடிக்கொண்டிருந்தார்!

அதை நான் சேர்க்கவில்லை. போய்ப் பார்க்கவும் இல்லை. பார்க்கத் துணிவில்லை. இன்று காலை கத்தரிக்கோல் தம்பியின் கையில் ஒரு சீட்டுக் கொடுத்தேன். இதழ், ஆண்டு, பக்கம், அப்பாவின் பெயர், கூடவே களஞ்சியத்திலிருந்து நீக்கப்பட்ட என் பழைய வரி. அக்கா போட்ட கடைசிக் குறிப்பு இது. பிசகியிருந்தால் சிவப்பு வரி அப்படியே நிற்கட்டும் என்றேன். அவர் கூட்டத்துக்குத் தாமதமாக வந்தது அதனால்தான். சட்டைக் கையெல்லாம் புத்தகத் தூசி, பாருங்கள்.

தம்பி, சத்தமாகச் சொல்லுங்கள். பக்கம் சரியா?

“சரி மாமா. இருநூத்திப் பன்னிரண்டு. எல்லாமே சரி.”

படத்தில் எத்தனை பேர்?

“பதினெட்டுப் பேர். வரிசையாத் தொங்குறாங்க. கீழ அத்தனை பேரோட பேரும் போட்டிருக்கு. வேலை பதினாலு மாசம் நடந்துச்சுன்னு போட்டிருக்கு. எடமிருந்து மூணாவது... மாமா, நீங்களே போய்ப் பாத்துருங்க.”

சொல்லுங்கள் தம்பி. அக்கா போட்ட குறிப்பு. சபைக்குச் சொல்லுங்கள்.

அவர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டுகிறார். இரண்டிலும் எதையோ பிடித்திருப்பதுபோலக் காட்டுகிறார்.

அவையோரே! ஏழாவது பொருள் உங்கள் முன்னால் இருக்கிறது. அந்தச் சிவப்பு வரியை அவர் பெயரிலிருந்து எடுங்கள். எங்காவது போட்டே தீர வேண்டுமென்றால் என் பெயர்மேல் போடுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். மிச்சமிருக்கும் ஆயிரத்து எழுநூறு குறிப்புகளை, அவர் செய்து கொடுத்த இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நானே உட்கார்ந்து சரிபார்க்கிறேன். கடிகாரத்தைப் பார்க்காமல் பொறுத்திருந்த தலைவருக்கு நன்றி. முணுமுணுத்தவர்களுக்கும் நன்றி. மன்னிக்கச் சொல்லி நான் கேட்காத மகளுக்குத் தலை தாழ்ந்த வணக்கம்.

ஒலிவாங்கியை அணைக்குமுன் ஒன்று. ஒரே ஆள் என்று எழுதினேன், பதினெட்டுப் பேர். ஆறு நாள் என்று எழுதினேன், பதினான்கு மாதம். கீழே இறங்கவே இல்லை என்று எழுதினேன். அவர் எப்படி இறங்கினார் என்று உங்களுக்கும் தெரிந்துவிட்டது. இரண்டு கைகளிலும் இரண்டு தூரிகை என்பது, அழுகிற பிள்ளையைத் தேற்ற அம்மா கட்டிய கதை என்றுதான் ஐம்பத்தெட்டு ஆண்டுகளாக நானே நினைத்திருந்தேன். அந்த ஒரு துண்டு மட்டும் உண்மையாம்.