சர்வர் நிற்கவில்லை

நூற்று எழுபத்து மூன்று நாளில் என் சர்வர் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. இதை முதலில் எழுதுவதற்கு மன்னியுங்கள், இன்ஸ்பெக்டர் மேடம். நேற்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சந்திரலேகாவிடம் நான் என்ன சொன்னேன் என்று எழுதித் தரச் சொன்னீர்கள். அவளுடைய அம்மா உங்களிடம் சொன்னது சரிதான். ஆனால் அதை மட்டும் எழுதினால் நான் யாரென்று உங்களுக்குத் தெரியாது. அதனால் அதைக் கடைசியில் எழுதுகிறேன். நேரில் கேட்டால் எனக்குப் பேச்சு வராது.

சந்திரலேகாவும் நானும் சிதம்பரத்தில் உயிர்வேதியியல் ஒன்றாகப் படித்தோம். அவள் ஊர்க்காரி, மாலகட்டித் தெருவில் வீடு. நான் கடலூர்ப் பக்கம் மீனவக் கிராமம், விடுதியில் இருந்தேன். முதல் வருடம் முழுவதும் வகுப்பில் நான் பேசிய வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எனக்கும் சேர்த்து அவள்தான் பேசினாள். படிப்பு முடிந்ததும் கடலூரில் சபாபதி சாரின் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்று மாதம் கழித்து என்னையும் சேர்த்துவிட்டாள். அவள் முன்பக்கம், வரவேற்பில். நான் பின்னறையில், அறிக்கைகள் பிரிவில். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள்.

நோயாளிகளின் அறிக்கைகள் யாருடைய கணினியிலோ போய்க் கிடப்பது சாருக்குப் பிடிக்கவில்லை. நமக்கென்று சொந்தமாக மெயில் சர்வர் வைக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்று அன்று மாலை ஒரு தாளில் எழுதி அவர் மேஜையில் வைத்தேன்.

பத்தொன்பது நாள் ஆனது. கண்டெய்னர் என்று சொல்வார்கள், மேடம். ஒரே கணினிக்குள் தனித்தனி அறைகள் மாதிரி. கடிதத்தை வாங்குவதற்கு ஒன்று, சேமிப்பதற்கு ஒன்று, குப்பைக் கடிதத்தைப் பிடிப்பதற்கு ஒன்று, திரையில் காட்டுவதற்கு ஒன்று. ஓர் அறையில் இருப்பதை இன்னொன்று தொட வேண்டுமானால் நான் வழி திறந்துவிட வேண்டும். எந்த வழி எங்கே என்று ஒரே கோப்பில் எழுதி வைத்திருப்பேன். அந்தக் கோப்பைப் படித்தால் முழு சர்வரும் தெரியும். மனிதர்களிடம் அப்படி ஒரு கோப்பு இல்லை.

எல்லாம் சரியாக வைத்த பிறகும் எங்கள் கடிதங்கள் எல்லோருக்கும் ஸ்பேமில் போய் விழுந்தன. புது சர்வரை யாரும் நம்ப மாட்டார்கள். வாங்குகிறவர்கள், இது குப்பையில்லை என்று ஒவ்வொருவராகச் சொன்னால்தான் பெயர் வரும். இதைச் சந்திரலேகாவிடம் சொன்னேன். மறுநாள் ஒரு பேருந்து நிறைய ஆட்களின் மெயில் முகவரியோடு வந்தாள். இருபத்தாறு பேர். நான் ஆளுக்கொரு கடிதம் அனுப்பினேன். அதற்கடுத்த நாள் நானும் அவளோடு அந்தப் பஸ்ஸில் இருந்தேன். ஒவ்வொரு இருக்கையாகப் போனாள்.

“அண்ணே, போனக் குடுங்க. ஸ்பேம்ல ஒரு மெயில் கெடக்கும். குப்பை இல்லன்னு ஒரு தட்டு தட்டுங்க. எங்க ஜான்சி அனுப்புனது.”

“யாரும்மா ஜான்சி?” என்றார் கண்டக்டர்.

“தோ, ஜன்னலோரம் தலையக் குனிஞ்சிக்கிட்டு. வாயத் தொறக்க மாட்டா, மெயில்தான் போடுவா.”

பஸ்ஸே சிரித்தது. ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் இருபத்தாறு பேரும் தட்டிவிட்டார்கள். என் வாழ்க்கையில் எனக்காக யாரும் அப்படிச் செய்ததில்லை. இதை எழுதுவது, அவள் நல்லவள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை என்பதற்காக.

சர்வர் வைத்தால் பேக்கப், அதாவது எல்லாக் கடிதத்துக்கும் நகல், எடுக்க வேண்டும். அது சரியாக எடுக்கப்பட்டிருக்கிறதா என்று தெரிய, அதிலிருந்து ஒரு கடிதத்தைத் திறந்து பார்க்க வேண்டும். இது பராமரிப்பு. வாரம் ஒரு கடிதம் திறந்தேன். ஒன்றை வைத்து முடிவு செய்ய முடியாதென்று பிறகு ஐந்து. பிறகு தினமும் காலையில், எல்லோருடைய மெயில் பெட்டியிலிருந்தும். யாரிடமும் எதையும் சொன்னதில்லை. சாருடைய மகளுக்கு வரன் பார்த்தது, ரத்த மாதிரி எடுத்துவரும் சுரேந்தர் வேறு வேலைக்கு விண்ணப்பித்தது, எல்லாம் என்னோடு இருந்தது. பேசத் தெரியாதவளுக்கு மற்றவர்களோடு இருப்பதற்கு அது ஒரு வழி.

தீபாவளிக்கு முந்தின வாரம் சந்திரலேகா சாருக்கு ஒரு கடிதம் எழுதினாள். கடவுச்சொல் எல்லாம் ஜான்சி ஒருத்தியிடம் மட்டும் இருப்பது சரியில்லை, அவள் லீவில் இருக்கும்போது ஏதாவது ஆனால் யாருக்கும் ஒன்றும் தெரியாது, வெளி நிறுவனத்துக்கு மாற்றிவிடலாம் என்று யோசனை சொல்லியிருந்தாள். கடைசியில் இரண்டு வரி: ‘ஜான்சியிடம் நானே பக்குவமாகச் சொல்கிறேன் சார். மனசு உடைஞ்சிடுவா.’ பொங்கல் முடிந்ததும் மாற்றலாம் என்று சார் பதில் போட்டிருந்தார்.

அந்தக் கடிதத்தைப் பதினொரு முறை படித்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. பொய் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அன்று மதியம் வழக்கம்போல ஒன்றாகச் சாப்பிட்டோம். அவள் கத்திரிக்காய் கொத்சு கொண்டுவந்திருந்தாள். சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. நானாகக் கேட்க முடியாது. கேட்டால் அவள் கடிதத்தைப் படித்தது தெரிந்துவிடும். தினமும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு விஷயத்தை மறைக்கிற ஒருத்தியோடு சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நவம்பர் முதல் வாரம் அவள் கழுத்தில் ஒரு கட்டி. வலியில்லை. சிதம்பரத்தில் ஒரு டாக்டர் சின்னதாக வெட்டி எடுத்தார். அது எங்கள் கூடத்தின் வழியாகச் சென்னையில் ஒரு பெரிய கூடத்துக்குப் போனது. அங்கிருந்து முடிவு எங்கள் ரிப்போர்ட்ஸ் பெட்டிக்குத்தான் வரும். எங்கள் தாளில் போட்டு டாக்டருக்கு அனுப்புவது என் வேலை.

பதினான்காம் தேதி காலை எட்டு மணிக்கு வந்தது. திறந்து படித்தேன். நிணநீர்ப் புற்றுநோய், வேகமாகப் பரவும் வகை, உடனடியாகச் சிகிச்சை தொடங்கவும் என்று இருந்தது. நான் படித்த படிப்புக்கு அந்த வார்த்தைகள் புரிய அகராதி தேவைப்படவில்லை. சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலும் குணமாகிவிடும் என்பதும் தெரியும்.

என் சர்வரில் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். முன்பின் தெரியாத இடத்திலிருந்து கடிதம் வந்தால் உடனே வாங்காது. பிறகு வா என்று சொல்லித் திருப்பிவிடும். குப்பை அனுப்புகிறவர்கள் திரும்பி வர மாட்டார்கள். உண்மையானவர்கள் சற்று நேரத்தில் திரும்பி வருவார்கள். நிறையப் பேர் இப்படி வைத்திருக்கிறார்கள், நன்றாக வேலை செய்கிறது. அறிக்கையை டாக்டருக்கு அனுப்பாமல் சந்திரலேகாவுக்கும் அதையே வைத்தேன். அவள் தன்னுடையதை என்னிடம் சொல்லட்டும், நான் இதை அவளிடம் சொல்கிறேன். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் என்று நினைத்தேன். நியாயமாகத்தான் பட்டது.

இரண்டு நாளும் அவள் கட்டியைப் பற்றித்தான் பேசினாள். மூன்றாம் நாள் டாக்டரின் கிளினிக்கிலிருந்து போன் செய்து அறிக்கை ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். அன்று மாலை நாலு பத்துக்கு ரிப்போர்ட்ஸ் பெட்டியிலிருந்து டாக்டருக்கு ஓர் அறிக்கை போயிற்று. அதைப் பற்றி இங்கே இவ்வளவு போதும்.

டாக்டர் ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார். சந்திரலேகா வீட்டில் கேசரி கிண்டிக் கொண்டுவந்து கூடம் முழுக்கக் கொடுத்தாள். எனக்கு மட்டும் ஊட்டிவிட்டாள். “பயந்தே செத்துருப்பேன்டி,” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் இளைத்தாள். மார்கழிக் குளிரில் பஸ்ஸில் வந்து இறங்கும்போது சுடிதாரின் முதுகு நனைந்திருக்கும். துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட ஆரம்பித்தாள்.

“என்னம்மா, கல்யாணம் கில்யாணம் ஃபிக்ஸ் ஆயிடுச்சா? டயட்டு ஜாஸ்தியா இருக்கு,” என்று சுரேந்தர் கேட்டார்.

“ஆமா மாமா. மொதப் பத்திரிகை ஒங்களுக்குத்தான். மொய் எழுதாம சாப்புட வந்தா பந்தியிலேருந்து எழுப்பிடுவேன்.”

எல்லோரும் சிரித்தார்கள், நானும். அவள் சாப்பாட்டில் பாதியை என் தட்டில் தள்ளுவாள். பசியில்லை என்பாள். நான் அதைச் சாப்பிட்டேன்.

அந்த அறிக்கை வந்த எழுபத்தொன்றாம் நாள் ஒரு சனிக்கிழமை. மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

“ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி. கோவப்படக் கூடாது.”

நான் தலையாட்டினேன்.

“சர்வர வெளியில குடுத்துடலாம்னு சார்கிட்ட நான்தான் எழுதினேன். ஒங்கிட்ட மொதல்ல கேட்டிருக்கணும். மூஞ்சியப் பாக்க தைரியம் இல்ல. சொல்லணும் சொல்லணும்னு மூணு மாசமா தொண்டையில நிக்குது. நேத்து சார் மாத்திடலாம்னாரு. வேணாம் சார், ஜான்சி ஒண்டியா கட்டுனது, அது இருக்கட்டும், எனக்கும் கத்துக் குடுக்கச் சொல்லுங்க, போதும்னுட்டேன். கத்துக் குடுப்பியா?”

“ம்,” என்றேன்.

“அவ்ளோதானா? நான் என்னமோ நீ அழுவேன்னு கர்சீப் எல்லாம் எடுத்தாந்தேன்.”

அவள் திரும்பி வந்துவிட்டாள், மேடம். நான் வைத்த விதிப்படி அன்று நான் சொல்லியிருக்க வேண்டும். அப்போதும் காலம் கடந்துவிடவில்லை. ஆனால் எழுபத்தொரு நாள் எங்கே போயிற்று என்று கேட்பாளே. கேட்டால் நவம்பர் பதினான்கைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் அக்டோபர் கடிதத்தைச் சொல்ல வேண்டும். கடைசியில் தினமும் காலையில் நான் என்ன செய்கிறேன் என்பதில் போய் முடியும். அவள் முகத்தில் அது தெரிவதை என்னால் பார்க்க முடியாது. சர்வரைக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தேன். ரிப்போர்ட்ஸ் பெட்டியைத் தவிர மற்றதெல்லாம் கற்றுக்கொடுத்தேன். நல்ல மாணவி. நடுநடுவே கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்துகொள்வாள். நான் காத்திருப்பேன்.

இப்படி மேலும் நூற்றிரண்டு நாள். தினமும் அவள் துப்பட்டாவைப் பார்த்தேன். வீக்கம் அதற்கு வெளியே தெரிய ஆரம்பித்தபோது நான் என் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

மே ஆறாம் தேதி புதுச்சத்திரத்தில் பஸ்ஸுக்குள்ளேயே மயங்கி விழுந்தாள். பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மறுபடி சதை எடுத்துப் பார்த்து, பழைய மாதிரியைச் சென்னையில் கேட்டார்கள். மாதிரியோடு நவம்பரில் அனுப்பிய அறிக்கையின் நகலும் வந்தது. சிதம்பரம் டாக்டரிடம் இருந்தது வேறு. எலும்பு மஜ்ஜை வரை போய்விட்டது, இனி மருந்து வேலை செய்வது சந்தேகம் என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். இதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கும்.

நேற்று பார்க்கப் போனேன். மருந்து ஏற்றியதில் தலையில் முடி இல்லை. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் தட்டி உட்காரச் சொன்னாள். அவள் அம்மா தில்லையம்மாள் ஜன்னலோரம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

“சாப்புட்டியா?” என்றாள்.

தலையாட்டினேன்.

“சார் வந்திருந்தாரு. வேற யாரோட ரிப்போர்ட்டோ என் பேருல கலந்து போயிடுச்சாம். சர்வர்ல ஏதோ கோளாறுன்னாரு. நான் சொல்லிட்டேன், ஜான்சிய யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது, மெஷின் பண்ணதுக்கு அவ என்ன பண்ணுவான்னு. அம்மாகிட்டயும் சொல்லிருக்கேன். நீ மனசுல வச்சுக்காத, என்னா?”

என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. மேடம், உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. நான் கட்டியது அது. அதன் ஒவ்வொரு வழியையும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அது எதையும் கலக்காது என்று இந்த உலகத்தில் என்னைத் தவிர அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவளே நம்பிவிட்டாளே என்றுதான் இருந்தது. நான் இவ்வளவு சத்தமாகப் பேசி அவள் கேட்டதில்லை. தில்லையம்மாளும் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னது இதுதான்:

“கலக்கலடி. என் சர்வர் எதையும் கலக்காது. ஒன் ரிப்போர்ட் கரெக்டா அன்னிக்குக் காலையிலயே வந்துடுச்சு. கேன்சர்னு இருந்தத அழிச்சிட்டு, சாதாரண வீக்கம்தான், பயப்பட ஒண்ணுமில்லன்னு டைப் பண்ணி டாக்டருக்கு அனுப்புனது நான்.”