சொல்லி வைத்த சாமான்

பழைய காருக்குச் சாமான் தேடி வருகிறவர்கள் பொதுவாக நல்ல மனிதர்கள், ஐயா. புது வண்டிக்காரன் கடை வாசலில் நின்றபடியே கத்துவான். பழைய வண்டிக்காரன் உள்ளே வந்து உட்கார்ந்து, தேய்ந்துபோன சாமானைக் கைக்குட்டையிலிருந்து பிரித்து, காய்ச்சல்காரக் குழந்தையை டாக்டரிடம் காட்டுவதுபோலக் காட்டுவான். இல்லை என்றாலும் கோபித்துக்கொள்ள மாட்டான். அடுத்த வாரம் மறுபடி வருவான். என் அக்காவின் வீட்டுக்காரரும் அப்படித்தான் வந்தார். அத்தானைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லப்போவதில்லை.

அந்த வண்டி என் அப்பா வாங்கியது. நான் சிறுவனாக இருந்தபோது அதைத் துடைப்பது என் வேலை. யாரும் சொல்லிச் செய்ததில்லை. அதன் பின்சீட்டில் படித்தேன், தூங்கினேன், அம்மா போனபோது அதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அதனால்தான். ஆனால் அப்பா கண்ணை மூடுவதற்கு முன் வண்டியை அக்காவுக்குக் கொடுத்துவிட்டார். "அவதான் பொறுப்பா வெச்சுப்பா" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அத்தான் கிளட்ச் மேல் காலை வைத்தபடியே ஓட்டுகிறவர், கதவை முழங்காலால் தள்ளிச் சாத்துகிறவர். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை. என் பொறுமையைப் பற்றி எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

கோளாறு முன் சக்கரங்களில் வந்தது. பிரேக்கை மிதித்தால் சக்கரத்துக்குள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற வீல் சிலிண்டர் இரண்டும் உள்ளுக்குள் அரித்துப்போய், ஆயில் கசிந்தது. ரப்பரை மட்டும் மாற்றிப் பயனில்லை, சிலிண்டரையே மாற்ற வேண்டும். அதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த மாடல் தயாராகிக்கொண்டிருந்தபோதே, ஒரு வருடத்தின் நடுவில் கம்பெனி அளவை மாற்றிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். மாட்டும்போதுதான் ஒரு நூல் அளவு இடிக்கும். பின்னால் வந்த அளவு எங்கும் கிடைக்கும். எங்கள் வண்டிக்கு முந்தைய அளவு. அது கிடைக்கவே கிடைக்காது என்று சொல்ல மாட்டேன். தேட வேண்டும், அவ்வளவுதான்.

தேடுவதில் எங்கள் தெருவுக்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு கடைக்காரர் அரிதான சாமானைக் கேட்டு மற்ற கடைகளில் சொல்லி வைத்துவிட்டால், அந்தச் சாமான் எப்போது வந்தாலும் அவருக்குத்தான் போகும். வேறு யார் வந்து எவ்வளவு கெஞ்சினாலும் எடுத்துக் காட்டக்கூட மாட்டார்கள். எழுத்தில் எதுவும் கிடையாது. வாய்ச்சொல்தான். அந்த வாய்ச்சொல்லில்தான் எங்கள் தெரு நடக்கிறது. நான் எல்லாக் கடையிலும் சொல்லி வைத்தேன். வெளியூர்க் கடைகளுக்கும் போன் போட்டேன். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு என் மனதில் எந்தக் கள்ளமும் இல்லை. இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

எதிர்க்கடைக்காரர் ஒருவர் உண்டு. கண்ணாடி தடிமனாக இருப்பதால் சோடாபுட்டி என்போம். அவர்தான் முதலில் ஒரு ஜோடி கொண்டுவந்து தந்தார். கம்பெனியின் மஞ்சள் எண்ணெய்த்தாள்கூடப் பிரியவில்லை. நான் அதைப் பிரித்து, அளந்து, சரியான அளவுதான் என்று பார்த்து, மறுபடி சுற்றி மேசை இழுப்பறையில் வைத்தேன். சாயங்காலம் அத்தான் வந்து, "ஏதாவது தகவல் உண்டா மாப்ளே?" என்றார். இல்லை என்று என் வாயில் வந்தது. திட்டம் போட்டுச் சொன்னதில்லை. இந்தச் சாமான் கிடைக்காவிட்டால் வண்டியை ஓரங்கட்டிவிடுவார்கள், ஓரங்கட்டினால் என்னிடம் வந்துவிடும் என்று அந்த நேரத்தில் தோன்றியது. ஓடாத வண்டியை யார் வைத்துக்கொள்வார்கள்? அதில் தப்பாக எனக்கு ஒன்றும் படவில்லை.

அடுத்த முறை நானே கேட்டும் பார்த்தேன். "அத்தான், வண்டிய எங்கிட்ட விட்டுடுங்க. நான் பாத்துக்கறேன்."

அவர் சிரித்தார். நல்ல மனசோடுதான் சிரித்தார். "அது எப்பிடிப்பா? உங்கப்பா ஆசையா குடுத்தது. உங்கக்காவுக்கு அதுல உக்காந்தாதான் நிம்மதி. நாங்க இருக்கிற வரைக்கும் ஓட்டிக்கிறோம். எங்க பசங்களுக்கு அதெல்லாம் வேண்டாமாம். எங்க காலத்துக்கு அப்புறம் உனக்குத்தான்."

இதை என் முன்னாலேயே அக்காவிடமும் சொன்னார். அக்கா தலையாட்டினாள். இரண்டு பேரும் என்னைச் சந்தோஷப்படுத்திவிட்டதாக நினைத்தார்கள். நானும் சந்தோஷப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு இன்னும் சில ஜோடிகள் வந்தன. சொல்லி வைத்தது நான்தானே, எல்லாம் என்னிடமே வந்தன. இழுப்பறை நிறைந்து, அலமாரியில் வைத்தேன். அத்தானும் சும்மா இருக்கவில்லை. தானே கடை கடையாக ஏறி இறங்கினார். போன இடமெல்லாம் ஒரே பதில்: "உங்க மச்சான் சொல்லி வெச்சிருக்காருங்க. வந்தா அவருக்குத்தான்." தனக்காக இந்தப் பையன் எவ்வளவு அலைந்திருக்கிறான் என்று கண்கலங்கினாராம். அக்கா சொன்னாள். பிறகு ஒரு நாள், லேத்துப் பட்டறையில் கொடுத்துப் பழைய சிலிண்டருக்கே உள்ளே குழாய் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். "பிரேக் விஷயத்துல ஒட்டுப்போட்ட சாமான் வேண்டாம் அத்தான். உயிர் சமாச்சாரம்" என்றேன். அவர் உடனே ஒப்புக்கொண்டார். தொழில் தெரிந்தவன் சொன்னால் கேட்டுக்கொள்கிற மனிதர்.

அத்தானின் மெக்கானிக் பிரேக் ஆயிலை நிரப்பி நிரப்பிச் சமாளித்துக்கொண்டிருந்தார். பெடலை மூன்று நான்கு தடவை மிதித்தால்தான் பிடிக்கும். சமதரையில் பரவாயில்லை, இறக்கத்தில் எடுக்காதீர்கள் என்று அவர் கண்டித்துச் சொல்லியிருந்தார். என் கடையில் வைத்துத்தான் சொன்னார். ஆனால் அக்கா வீடு மேட்டில் இருக்கிறது. ஊருக்குள் வர அந்த ஒரே சரிவுதான், கீழே ஒரு வளைவு, வளைவைத் தாண்டினால் ஆற்றுப் பாலம். அதனால் அத்தான் வண்டியை எடுப்பதைக் குறைத்துவிட்டார். வாரக்கணக்கில் அது வாசலில் உறை போர்த்தி நின்றது. அப்படியே விட்டிருந்தால் நாம் இங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

அன்று காலையில் அக்கா போன் செய்தாள். ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டுமாம். "வாடகை வண்டி சொல்லலாம்னா இவரு கேக்க மாட்டேங்கறார்டா. சாமான் வந்துடுச்சா? வந்திருந்தா சொல்லு, மெக்கானிக் உடனே மாட்டித் தரேங்கறாரு. நாங்க லேட்டா கெளம்பிக்கறோம்."

மேசைமேல் ஒரு ஜோடி இருந்தது. துரு ஏறாமல் இருக்க அவ்வப்போது எடுத்து எண்ணெய் தடவி வைப்பேன். அன்றும் தடவிக்கொண்டிருந்தேன்.

"இன்னும் வரலக்கா" என்றேன். "மெதுவா போங்க. ஹேண்ட் பிரேக்ல கை இருக்கட்டும்னு சொல்லு."

"நீ இருக்கிறப்ப எங்களுக்கு என்னடா கவலை" என்றாள்.

மெதுவாகப் போகச் சொன்னேன் என்பதை மறந்துவிடாதீர்கள். கெட்ட எண்ணம் உள்ளவன் அப்படிச் சொல்ல மாட்டான். கையைக் கழுவிவிட்டு, கடை ஷட்டரை முழுக்க ஏற்றி, வியாபாரத்தைப் பார்த்தேன். மத்தியானத்துக்கு முன்னால் தகவல் வந்துவிட்டது. அத்தான் அங்கேயே போய்விட்டார். அக்கா ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் இருந்தாள். நான் கூடவே இருந்தேன், ஒரு வாய் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியாக நினைவு வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்காக எவ்வளவு அலைஞ்ச நீ" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பொய் அழுகை இல்லை, ஐயா. அவள் என்னைத் தூக்கி வளர்த்தவள். அன்று ராத்திரி அவளும் போய்விட்டாள்.

துக்கம் கேட்க வந்த சோடாபுட்டி, எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது கேட்டார்: "ஏம்பா, நான் குடுத்த சாமான மாட்டலையா? பொருந்தலைன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே." வெள்ளை மனதோடு கேட்டதுதான். இன்னொரு கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். தானும் கொடுத்ததாகச் சொன்னார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். அலமாரியை நீங்கள் திறந்தபோது நான்தான் சாவியைக் கொடுத்தேன்.

கேட்டதால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். சாமான் இருந்தது. இருந்தும் இல்லை என்று சொன்னேன். அவர்கள் அந்த இறக்கத்தில் இறங்குவார்கள் என்று தெரிந்தேதான் சொன்னேன். ஆனால் கொலை என்று எழுதாதீர்கள், அது நியாயமில்லை. நான் யோசிக்காமல் செய்கிறவன் இல்லை. முந்தின வாரமே அங்கே நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வளைவின் இடதுபுறம் மண்மேடு இருக்கிறது. மெத்தென்ற மண், காலை வைத்து அழுத்திப் பார்த்தேன். பிரேக் பிடிக்காத வண்டி நேராக அதில்தான் போய்ச் செருகும், பம்பர் மட்டும் கொஞ்சம் நசுங்கும் என்று கணக்குப் போட்டேன். மாற்று பம்பர் என்னிடம் இருக்கிறது. அந்த மனுஷன் கடைசி நேரத்தில் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்து, பாலத்துச் சுவரில் மோதி, அப்பாவின் வண்டியை இந்தக் கதிக்கு ஆளாக்குவார் என்று எனக்கு எப்படித் தெரியும்?