அறுபத்திரண்டைத் தாண்டவில்லை

ஐயா, உங்கள் மேஜைக்கு அடியில் இருக்கிற கம்ப்யூட்டரைச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறீர்கள். நாலு விரல் முன்னால் இழுத்து வைத்தால் நல்லது. பின்பக்கம்தான் அது மூச்சு விடுகிற இடம். மூக்கைப் பொத்திவிட்டு ஓடச் சொன்னால் யார்தான் ஓடுவார்கள்.

நடந்ததை நடந்தபடி சொல்லச் சொன்னீர்கள். எல்லாம் பெட்டி வாங்கியதில்தான் ஆரம்பித்தது, அதனால் அங்கிருந்தே வருகிறேன். எழுதிக்கொள்கிற அம்மாவுக்குக் கை வலித்தால் சொல்லட்டும், நிறுத்திக்கொள்கிறேன்.

நான் முப்பத்துமூன்று வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் குளிரூட்டும் பிரிவில் இருந்தவன். அங்கே சுவிட்ச் ரூம் என்று ஒன்று உண்டு. ஊரில் யார் யாரோடு பேசினாலும் அந்த அறையில் இருக்கும் இயந்திரங்கள் வழியாகத்தான் பேச வேண்டும். வெளியே வெயில் காக்கையை வறுத்துக் கீழே போட்டாலும் உள்ளே இருபத்திரண்டு டிகிரி. நாங்கள் வராந்தாவில் சட்டையைப் பிழிந்து பிழிந்து மாட்டிக்கொள்வோம். இயந்திரத்துக்கு ஏசி, மனுஷனுக்கு அட்டை விசிறி. அதுதான் ஒழுங்கு, ஒருவரும் குறை சொன்னதில்லை. மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை அந்தக் கதவை யாரும் திறக்கக் கூடாது. பெரிய அதிகாரியே வந்தாலும் வெளியே நிற்க வேண்டியதுதான். அவர் வேர்வையில் ஒருதடவை நானே வழுக்கி விழுந்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கி நானே சேர்த்தேன். மற்றதெல்லாம் ஒரே நாளில் முடிந்தது. அதையெல்லாம் உள்ளே பொருத்துகிற பெட்டிக்கு மட்டும் ஆறு வாரம் ஆயிற்று. நான் தெருமுனையில் திரும்பும்போதே கடைக்காரர் ஷட்டரை இறக்கப் பழகிவிட்டார். ஆனால் பெட்டி விஷயத்தில் அவசரப்படக் கூடாது ஐயா. முன்பக்கம் கண்ணாடி போட்டு உள்ளே கலர் கலராக விளக்கு எரியும் பெட்டியைக் கண்டு மயங்கக் கூடாது. கண்ணாடி வழியாகக் காற்று வராது. முன்பக்கம் முழுக்க வலையாக இருக்க வேண்டும். முன்னால் இருக்கும் ஃபேன்கள் குளிர்ந்த காற்றை உள்ளே இழுக்க வேண்டும், பின்னாலும் மேலேயும் இருப்பவை சூட்டை வெளியே தள்ள வேண்டும். ஒயர்கள் குறுக்கே தொங்காமல் பக்கவாட்டில் ஒதுங்க வேண்டும். நான் ஒரு காகிதக் கீற்றை முன்வலைக்கு எதிரே பிடித்துப் பார்ப்பேன். எந்தப் பெட்டி அதைக் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறதோ, அதுதான் பெட்டி. நான் வாங்கியது என் சட்டைப் பொத்தானையே இழுக்கப் பார்த்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடி என்னைப் பார்க்க வந்தப்போ அஞ்சு நிமிஷத்துல எந்திரிச்சுப் போனீங்க. இதை மட்டும் ஆறு வாரமா சுத்திச் சுத்திப் பார்த்திருக்கீங்க" என்றாள் மனைவி.

அவள் தம்பி, என் மச்சான், கட்டிலில் படுத்தபடியே பெட்டியைப் பார்த்துச் சிரித்தான். அவன் தையல்காரன். போன வருஷம் பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவன், அதனால் எங்களோடு இருந்தான்.

"என்ன அத்தான், கொசுவலையில சட்டை தெச்ச மாதிரி இருக்கு. உள்ள இருக்கிறதெல்லாம் வெளிய தெரியுது, பாவம், அதுக்கு மானம் மரியாதை வேண்டாமா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. அவனோடு எனக்கு ஒரு மனஸ்தாபமும் கிடையாது. அதைப் பதிந்துகொள்ளுங்கள்.

எக்ஸ்சேஞ்சில் என்னோடு வேலை பார்த்தவன் ஒருவன் உண்டு. டயல்டோன் என்றுதான் கூப்பிடுவோம். வாயை மூடினாலும் மூக்கால் முனகிக்கொண்டே இருப்பான். அவனும் கம்ப்யூட்டர் சேர்த்திருந்தான், கண்ணாடிப் பெட்டியில். பழைய ஊழியர்கள் எல்லாம் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அவன் என் பெட்டியின் படத்தைப் போட்டு, "இது பெட்டியா, மாவு சலிக்கிற சல்லடையா?" என்று கேட்டான். நாற்பத்தாறு பேர் சிரித்தார்கள். அவர்களில் இரண்டு பேர் செத்துப்போனவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குழுவே போட்டி வைத்தது. இரண்டு கம்ப்யூட்டரையும் எழுபத்திரண்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓட விடுவது. அதற்குள் யாருடைய இயந்திரம் எவ்வளவு உச்ச சூடு காட்டுகிறதோ, அதுதான் அவருடைய மதிப்பெண். குறைவாகக் காட்டுகிறவர் ஜெயித்தவர். அறையில் ஏசி போட்டுக்கொள்ளலாம். உச்சம் என்பது ஒருமுறை ஏறினால் ஏறியதுதான், பிறகு இறங்கினாலும் கணக்கில் வராது. இதை நீங்கள் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

வியாழக்கிழமை மனைவி மகளின் பிரசவத்துக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று, "தம்பிக்கு ஏசியை அணைச்சுடாதீங்க. டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?" என்றாள். ஞாபகம் இருந்தது. அவன் உடம்பு சூட்டைத் தாங்காது, அறை குளிர்ந்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் ஏசியை ஒரு நிமிஷம்கூட அணைக்கவில்லை. மின்சார மீட்டரைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

எங்கள் வீட்டில் ஏசி இருப்பது மச்சான் அறையில் மட்டும்தான். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டரை அவன் கட்டிலுக்கு எதிரே வைத்து ஓட விட்டேன். அவனுக்கும் பொழுதுபோயிற்று. "அத்தான், உங்க பிள்ளைக்கு ஜுரம் எவ்வளவு?" என்று மணிக்கொருதரம் கேட்டான். அன்று என் உச்சம் அறுபத்திரண்டு டிகிரி. டயல்டோன் அறுபத்துமூன்று. அவன் முனகலை நிறுத்திவிட்டான் என்று அவன் மருமகள் அவன் போனிலிருந்தே குழுவில் எழுதினாள்.

சனிக்கிழமை வெயில் இன்னும் இரண்டு டிகிரி கூடும் என்று செய்தியில் சொன்னார்கள். பதினோரு மணிக்கே என் இயந்திரம் அறுபத்திரண்டைத் தொட்டுவிட்டது. மத்தியானம் வந்தால் தாண்டிவிடும். ஏசிக்கு மேலே ஏசி கிடையாது. அறையில் வேறு எது சூடு தருகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டியூப்லைட்டை அணைத்தேன். திரையை இழுத்தேன். பிறகு மச்சான்.

எக்ஸ்சேஞ்சில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இது. சும்மா இருக்கும் ஒரு மனுஷ உடம்பு நூறு வாட் பல்பு அளவுக்குச் சூடு தரும். அதனால்தான் சுவிட்ச் ரூமில் தேவையில்லாத ஆளை நிற்க விடமாட்டோம். மச்சான் கொஞ்சம் பருமன். நூற்றுப்பத்து என்று வைத்துக்கொண்டேன்.

"சாயங்காலம் வரைக்கும் பின்னாடி ரூம்ல இருடா" என்றேன்.

"அங்க தகரக் கூரை அத்தான். நான் என்ன அப்பளமா, காய வைக்கிறதுக்கு?"

"அஞ்சு மணி நேரம்தான்."

"அக்கா கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"ஜெயிச்சுட்டோம்னு சொல்லுவேன்."

சிரித்தான் ஐயா. நல்ல மனசு. சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மெத்தை போட்டேன், ஒரு செம்பு தண்ணீர் வைத்தேன், கூப்பிடுவதற்கு அழைப்பு மணியின் பொத்தானை வலது கையில் கொடுத்தேன். டேபிள் ஃபேன் கேட்டான். அது பெட்டியின் முன்வலைக்கு எதிரே தேவைப்பட்டது.

நான் அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்தினேன். இருபது நிமிஷத்தில் அறுபத்தொன்று. இப்படி ஒரு டிகிரியை ஒரு ஆளே சுமந்துகொண்டிருந்தான் என்றால் நம்புவீர்களா. பன்னிரண்டரைக்கு அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகம் செங்கல் மாதிரி இருந்தது. "அத்தான், போதும், உள்ள கூட்டிட்டுப் போங்க" என்றான். கிண்டல் இல்லாமல் அவன் பேசிக் கேட்டது அதுதான் முதல்முறை. இன்னும் கொஞ்ச நேரம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு பத்துக்கு மணி அடித்தான். கேட்டதா என்று கேட்டீர்கள். கேட்டது. இயந்திரம் அறுபத்தொன்றுக்கும் அறுபத்திரண்டுக்கும் நடுவில் ஊசலாடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் கதவைத் திறந்தால் வராந்தாவின் வெப்பம் முழுக்க உள்ளே வரும். இரண்டிலிருந்து நாலு வரை கதவு திறப்பதில்லை. முப்பத்துமூன்று வருஷப் பழக்கம், கை தானாகவே கட்டிக்கொள்கிறது. இரண்டு இருபத்தைந்துக்கு மறுபடி அடித்தான். பிறகு விட்டு விட்டு, எட்டோ ஒன்பதோ தடவை. மூன்று மணிக்கு அப்புறம் அடிக்கவில்லை. தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்றுதான் முதலில் உங்களிடம் சொன்னேன். இப்போது சரியாகச் சொல்கிறேன். நான் அதைப் பற்றி நினைக்கவே இல்லை. டயல்டோன் குழுவில் அறுபத்தைந்து என்று போட்டிருந்தான். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணி ஆனதும் கதவைத் திறந்தேன். ஒரு நிமிஷம் முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை. பின்னறைக் கதவின் தாழ்ப்பாள் தொட முடியாத சூடு. துண்டை வைத்துப் பிடித்துத் திறந்தேன். பொத்தான் இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

ஏன் உடனே யாரையும் கூப்பிடவில்லை என்று கேட்கிறீர்கள். கூப்பிட்டால் என்ன ஆகும் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ்காரர், டாக்டர், பக்கத்து வீட்டுக்காரர்கள், உங்கள் ஆட்கள். குறைந்தது பத்துப் பேர். ஆளுக்கு நூறு வாட். கதவும் திறந்தே கிடக்கும். அவனுக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. போட்டிக்கு நாற்பத்திரண்டு மணி நேரம் மீதி இருந்தது. திங்கட்கிழமை பத்து மணிக்குப் போட்டி முடிந்தது, பத்தேகாலுக்கு உங்களுக்கு போன் செய்தேன். தாமதம் என்று சொல்வதற்கு இல்லை.

ஆனால் அவனை அந்தத் தகரத்துக்கு அடியில் விட்டுவிடவில்லை. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. நாற்காலியில் ஏற்றி, அவன் அறைக்கே தள்ளிக்கொண்டு வந்து, அவன் கட்டிலிலேயே படுக்க வைத்தேன். முகத்தைத் துடைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மனைவி வீடியோவில் வந்தாள். பெண் குழந்தையாம், மூன்று கிலோவாம். "தம்பிகிட்ட காட்டுங்க" என்றாள். தூங்குகிறான் என்று போனை அந்தப் பக்கம் திருப்பினேன்.

"ஏசி காத்து நேரா மேல படுது பாருங்க. போர்வையை இழுத்து விடுங்க, சளி பிடிச்சுக்கும்" என்றாள்.

இழுத்து விட்டேன்.

ஜெயித்தது நான்தான். அறுபத்திரண்டைத் தாண்டவே இல்லை. இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள், எக்ஸ்சேஞ்சில் இருக்கிறவர்களுக்கு உபயோகப்படும். சனிக்கிழமை சாயங்காலம் அவனைத் திரும்ப உள்ளே கொண்டுவந்த பிறகு, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சூட்டைக் கவனித்தேன். முதலில் தகரத்தின் வெப்பம் அவன் உடம்பிலிருந்து கொஞ்சம் வந்தது. அது அடங்கிய பிறகு அரை டிகிரிகூட ஏறவில்லை. என் கணக்கு சரிதான்.