இரண்டாவது காது

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, அச்சக மேலாளர் அவர்களே, முன்வரிசையில் கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கும் அக்காவின் வீட்டுக்காரரே, அக்காவின் மகளே, அகராதி அலுவலக நண்பர்களே! என் குரல் நடுங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். துக்கம் பாதி, பயம் பாதி.

நம் முதுநிலைப் பதிப்பாசிரியர், சொல் எழுதிய அட்டைகளோடே வாழ்ந்த நம் அட்டை அக்கா போய்விட்டார். இருபத்திரண்டு வருடம் பக்கத்து மேசையில் பதிப்பாசிரியனாக இருந்தவன் நான். அவர் இல்லாத அந்த நாற்காலியைப் பார்க்கவே முடியவில்லை.

மீம்களில் பிறக்கும் சொற்களை அகராதியில் ஏற்ற வேண்டும் என்று இந்தக் கட்டடத்தில் முதலில் கேட்டவர் யார்? அக்கா! ஆனால் கண்டதையெல்லாம் அள்ளிப் போட்டாரா? போடவே மாட்டார்! மகள் போனில் காட்டும் மீமைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிப்பார். உடனே, "சரி, சிரிச்சாச்சு. இனி காது வேணும்" என்பார். மீமே பார்க்காத ஒருவர் வாயிலிருந்து அந்தச் சொல் வர வேண்டும். அப்படி இரண்டு பதிப்பாசிரியர்கள் தனித்தனியே கேட்டு, அட்டையில் கையெழுத்திட வேண்டும். அதுதான் அவர் வைத்த சட்டம்.

ஒருமுறை அலுவலகக் கதவைச் சரிசெய்ய ஒரு தச்சர் வந்தார், எழுபது வயது. மரத்தைத் தட்டிப் பார்த்து, "இது வேற லெவல் மரம்மா" என்றார். அக்கா துள்ளிக் குதித்துவிட்டார்! "ஐயா, நீங்க மீம் பாப்பீங்களா?" "அது எந்தக் கடையிலம்மா கிடைக்கும்?" அன்று முழுக்க அக்காவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

இப்படிச் சேர்ந்தவை அறுநூற்றுப் பன்னிரண்டு சொற்கள். பதினொரு செருப்புப் பெட்டிகள் நிறைய அட்டைகள். அவற்றை நீக்கிவிட்டு, நாளை காலை பத்து மணிக்கு அகராதி அச்சுக்குப் போகிறது. எத்தனை பேருக்குத் தெரியும் இது?

இயக்குநர் ஐயா, உட்காருங்கள். முடித்துவிடுகிறேன்.

அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் கூட்டம் நடந்தது. அந்தச் சொற்களை நீக்க ஒரு பதிப்பாசிரியர் கையெழுத்து வேண்டும். என்னிடம் நீட்டினார்கள். போட்டேன். ஆமாம், நான்தான் போட்டேன்! வேலை போய்விடுமோ என்ற பயத்தில் போட்டேன். அக்காவின் வீட்டுக்காரரே, உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் பார்க்கப் போனேன். அக்கா தலையணைக்கு அடியிலிருந்து தான் கையெழுத்திட்ட ஒரு அட்டையை எடுத்து என்னிடம் கொடுத்தார். பக்கத்துப் படுக்கைக்காரரிடம், மீமே பார்க்காத நர்ஸம்மா, "சும்மா உருட்டாதீங்க, மாத்திரை போட்டீங்களா இல்லையா?" என்றாராம். 'உருட்டு' என்பது, கூசாமல் கதை விடுவதற்கு இன்று மீம்களில் பிள்ளைகள் சொல்லும் சொல். முதல் காது அக்காவுடையது. "ஒரு காது கிடைச்சிடுச்சுடா. நீ எங்கயாவது கேட்டியா?" என்றார்.

"இல்லக்கா" என்றேன்.

நான் அவரிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை அது. பச்சைப் பொய்! முந்தின நாள் அந்தக் கூட்டத்தில்தான் கேட்டிருந்தேன். "அந்தம்மா உருட்டுறதையெல்லாம் அச்சுல ஏத்த முடியாது!" மேசையைத் தட்டிச் சொன்னவர் யார்? மீம் என்றால் என்ன கண்றாவி என்று அதே கூட்டத்தில் கேட்டவர்தான். அவர் இப்போது இந்த மேடையில் இருக்கிறார்.

சிரிக்காதீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதோ அந்த அட்டை. உங்கள் எல்லோர் முன்னிலையிலும் எழுதுகிறேன். சொன்னவர்: இயக்குநர். இடம்: கூட்ட அறை. கேட்டவர்: நான். அச்சுக்குப் போகும்வரை, நீக்குவதற்குப் போட்ட என் கையெழுத்தைத் திரும்பப் பெற எனக்கு உரிமை உண்டு. பெற்றுக்கொள்கிறேன். என் வேலை இருந்தாலும் போனாலும் அந்தப் பெட்டிகளை நான் விடமாட்டேன். இப்போது அறுநூற்றுப் பதிமூன்று.

அக்கா, கேட்டேன். நானும் கேட்டேன்க்கா.