நான் நிறுத்திவிட்டதாகச் சொன்ன மாத்திரை

"எங்க வீட்டுக்கே இதைத்தான் எடுத்தேன்" என்பது எங்கள் தெருவில் எல்லாக் கடைக்காரர்களும் சொல்கிற வார்த்தைதான். பயணப் பை விற்கும் நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வேன். அத்தனை பையும் நிஜமாகவே வீட்டில் இருந்தால் நாங்கள் வாசலில்தான் படுக்க வேண்டும். இதை யாரும் பொய் என்று எடுத்துக்கொள்வதில்லை. இன்னொரு கடைக்காரன் கேட்டால் பாதியைக் கழித்துவிட்டுத்தான் காதில் வாங்குவான்.

தெருக் கடைக்காரர்களுக்காக வாட்ஸப்பில் ஓர் உடல்நலக் குழு தொடங்கியது நான்தான். அதனால் நல்லதும் நடந்தது. ஒரு நாள் காலையில் இரும்புக் கடைக்காரர், "இடது கை வலிக்குது, வேர்த்து ஊத்துது, வாயுவா இருக்கும்" என்று போட்டார். கண்ணாடிக் கடைக்காரரின் மருமகள் ஒரு நர்ஸ். "கடையைப் பூட்டக்கூட நிக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க" என்று உடனே எழுதினார். ஆள் பிழைத்தார். அன்று முழுக்க நர்ஸம்மாவுக்குக் கும்பிடுகள் குவிந்தன. குழு என்னுடையது, கும்பிடு அவருக்கு. வயிறு எரிந்தது. அதற்கு அவரிடமே மருந்து கேட்கவா முடியும்?

அடுத்த வாரம் ஒரு வீடியோ கிடைத்தது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையே வேண்டாம், விதை ஊறிய தண்ணீர் போதும் என்று வெள்ளைக் கோட்டு போட்ட யாரோ பேசினார். குழுவில் போட்டேன். வெறும் சரக்கு எடுபடாது என்பது தொழில் தெரிந்தவனுக்குத் தெரியும். கீழே ஒரு வரி சேர்த்தேன்: "நானே மாத்திரையை நிறுத்தி மூணு மாசம் ஆச்சு. ஆளு ஜம்முனு இருக்கேன்."

நான் நிறுத்தவில்லை. அன்று காலையும் போட்டிருந்தேன்.

"எந்த டாக்டர் நிறுத்தச் சொன்னாரு, அண்ணே?" என்று நர்ஸம்மா எழுதினார். "திடீர்னு விட்டா உசுருக்கே ஆபத்து. யாரும் இதைக் கேக்காதீங்க." வாடிக்கையாளர் முன்னால் சரக்கைக் குறை சொல்கிறவரை நாங்கள் கடைக்குள் நிற்க விடுவதில்லை. அவர் எழுதியதை அழித்தேன். அவரையும் குழுவிலிருந்து நீக்கினேன்.

கடைக்காரர்கள் யாரும் மாத்திரையை விடவில்லை. துணிக் கடைக்காரர் என் கடைக்கே வந்து சிரித்தார்.

"என்னய்யா, பை விக்கிற வாயாலேயே வைத்தியமும் விக்கிறியா?"

"வாங்கினா வாங்கு, இல்லேன்னா வழியை விடு."

நர்ஸம்மாவை நீக்கிய பிறகு குழுவில் வியாபாரி அல்லாதவர் ஒருவர்தான், அக்காவின் கணவர். ரயில் சிக்னலில் வேலை. அவருக்குச் சிவப்பென்றால் சிவப்பு, பச்சையென்றால் பச்சை. பாதியைக் கழிக்கத் தெரியாது. எனக்குத் தனியாக எழுதினார்: "மாப்ள, எனக்கும் அதே மாத்திரைதான். நெசமாவே நிறுத்திட்டியா? உன்னை நம்பித்தான் கேக்குறேன்."

உண்மையைச் சொல்ல ஒரு வரி போதும். அவர் அக்காவிடம் சொல்வார், அக்கா சிரிப்பாள், பிறகு தெருவே சிரிக்கும் என்று பயந்தேன். "ஆமா அத்தான், தைரியமா விடுங்க" என்று எழுதினேன். இதைச் சொல்லும்போது இப்போதும் தலை நிமிரவில்லை.

பத்தொன்பதாம் நாள் வேலையிடத்தில் விழுந்தார். மூளையில் ரத்தக் கசிவு. மாத்திரையை ஏன் விட்டார் என்று டாக்டர் கேட்டபோது, விட்டதே தெரியாமல் அக்கா விழித்தாள். "அவரு சுபாவமே பிடிவாதம் டாக்டர்" என்றேன் நான். நினைவில்லாமல் கிடப்பவர் மறுத்துப் பேச மாட்டார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

சாவுச் செய்தியைக் குழுவில் போடச் சொல்லி அக்கா அவருடைய போனை என்னிடம் கொடுத்தாள். முதலில் நாங்கள் இருவரும் எழுதிக்கொண்டதை அழித்தேன். பிறகுதான் செய்தியைப் போட்டேன். விரல்கூட நடுங்கவில்லை. செய்ததைவிட அதுதான் எனக்குக் கேவலமாக இருக்கிறது.

போனைத் திருப்பிக் கொடுத்தபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயாவது அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்டா. நீ சொன்னா கேப்பாரு."

சொன்னேன். கேட்டார்.