பருத்திக் கையுறை

உட்காருங்கள் இன்ஸ்பெக்டர். அந்த நாற்காலி ஆடும், பக்கத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடுகிற பொருள் எதுவும் என் ஆய்வகத்தில் இருக்கக் கூடாது என்று எத்தனை முறை சொன்னாலும் இங்கே யார் காதிலும் ஏறுவதில்லை.

மீகடத்திப் பாடத்தைப் பிள்ளைகள் தங்கள் கையால் செய்துபார்த்துத்தான் படிக்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் மல்லுக்கட்டியவன் நான்தான். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு கறுப்புத் தட்டு. நன்றாகக் குளிர்ந்தால் மின்சாரத்துக்குத் தடையே காட்டாது. தெர்மோகோல் கிண்ணத்தில் அதை வைத்து, சதையையே உறையவைக்கும் குளிருள்ள திரவ நைட்ரஜனை ஊற்றினால் கொதித்துப் புகையும். கொதிப்பு அடங்கியதும் மேலே காந்தத்தை வைத்தால் அந்தரத்தில் நிற்கும்.

முதல் நாள் தலைமையாசிரியை பார்க்க வந்திருந்தார். நான் காந்தத்தை வைத்தேன். அது தட்டின்மேல் சும்மா கிடந்தது. வகுப்பே ‘கேள்விக்குறி’ என்று கூப்பிடும் பெண் ஒருத்தி முன்வரிசையிலிருந்து மெதுவாகச் சொன்னாள்: “சார், கொதிப்பு இன்னும் அடங்கல. கொஞ்சம் பொறுத்து வைங்க.”

பொறுத்து வைத்தேன். மிதந்தது. கைதட்டல் அவளுக்குப் போயிற்று. “உங்களுக்கே ஒரு டீச்சர் கிடைச்சிட்டா சார்” என்றார் தலைமையாசிரியை. நானும் சிரித்தேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வாரம் சோதனையை அவளையே செய்யச் சொன்னேன். தட்டைப் பிடிக்கும் பிளாஸ்டிக் இடுக்கியை முன்கூட்டியே என் இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருந்தேன். அவளுக்கு ஒரு பருத்திக் கையுறை கொடுத்தேன். வெறுங்கையில் ஒரு துளி தெறித்தால் உருண்டு ஓடிவிடும். பருத்தி அதைக் குடித்துத் தோலோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். எந்த வகுப்புக்கும் முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். அந்த வகுப்புக்குச் சொல்லவில்லை.

“இடுக்கி இல்லையா சார்?”

“கையுறை இருக்கேம்மா. தட்டு சாஞ்சிருக்கு, அழுத்திப் பிடி. கொதிப்பு அடங்கறவரைக்கும் விடாதே. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே.”

கையுறை விரல்களைக் கிண்ணத்துக்குள் விட்டுத் தட்டை அழுத்தினாள். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் விட மனம் வரவில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. “இப்ப வலிக்கவே இல்ல சார்” என்றாள். நல்லது என்றேன். காந்தத்தை இடது கையால் அவளே வைத்தாள். அழகாக மிதந்தது. பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னேன்.

மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். மருத்துவமனை வராந்தாவில் அவள் அப்பா என் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். நீங்கள் கையுறை கொடுத்திருக்காவிட்டால் கையே போயிருக்கும் என்றார். அவள்தான் அப்படிச் சொல்லியிருக்கிறாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. தங்கமான பெண். இனி பொறுமையாக இருப்பாள்.

நான் இதை அத்தோடு விட்டிருப்பேன். ஆனால் விசாரணைக் குழு, ஆசிரியரின் கவனக்குறைவு என்று முடிவு கட்டியிருக்கிறதாம். அதைத் திருத்தத்தான் உங்களை வரச் சொன்னேன். இதோ இழுப்பறைச் சாவி. இடுக்கி உள்ளேதான் இருக்கிறது, துடைத்து வைத்திருக்கிறேன். இத்தனை வருட வேலையில் நான் ஒருநாளும் கவனக்குறைவாக இருந்ததில்லை.