காதுக்குக் கேட்காத பாட்டு

ஏற்காட்டில் போனுக்கு ஆயுள் குறைவு சார். பனி ஈரம் உள்ளே இறங்கி, சார்ஜ் போடும் இடம்தான் முதலில் கெட்டுப்போகும். பஜாரில் நான் கடை வைத்ததே அதனால்தான். மலையில் யார் போனுக்கு என்ன ஆனாலும் என்னிடம் வருவார்கள். என் மனைவி அபிஷாவின் போனும் அப்படித்தான் வந்தது.

கொண்டுவந்தவர் அவளுடைய அண்ணன் மேக்ஸ்வெல். மாரமங்கலம் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர்.

"ஏனுங்க மாப்பிள்ளை, அபிஷா வேலைக்குப் போற வழியில காட்டெருமை நொம்ப நடமாடுதுங்க. வால்யூம் பட்டனை அமுத்துனா எனக்குத் தகவல் வர்றாப்பல பண்ணிக் குடுங்க. போனைப் பையிலிருந்து எடுக்காமயே அமுத்தோணுமுங்க" என்றார்.

எருமையைக் கண்டால் மனுஷி கத்துவாள். பைக்குள் கைவிட்டு ஓசையில்லாமல் எதற்குப் பட்டனை அழுத்தப்போகிறாள்? தங்கையை அடிக்காதே என்று என் முகத்துக்கு நேரே சொல்ல அவருக்குத் துப்பில்லை. மாப்பிள்ளை மரியாதையாம். எருமை மேல் பழியைப் போட்டார்.

இருந்தாலும் நான் வேலையை நன்றாகவே செய்தேன். அதற்கென்று ஒரு செயலியைப் போனில் போட்டேன். திரை அணைந்தால் செயலி தூங்கிவிடும், பட்டனை அழுத்துவது அதற்குத் தெரியாது. அதனால் காதுக்குக் கேட்காத ஒரு பாட்டைப் பின்னணியில் ஓடவிட்டேன். பாட்டு ஓடும்வரை வால்யூம் பட்டன் செயலிக்கு எட்டும். மூன்று முறை அழுத்தினால் அவள் இருக்கும் இடம் மெசேஜாகப் போய்விடும். மேக்ஸ்வெல் அழுத்திப் பார்த்தார். அவர் போன் ஒலித்தது.

"நொம்ப சந்தோஷமுங்க" என்று டீ சொல்லப் போனார். அவர் திரும்புவதற்குள் அவர் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைப் போட்டேன். புருஷன் நான் இருக்கும்போது அண்ணனுக்கு எதற்குத் தகவல்?

பிறகு கொஞ்ச நாள் நான் அவளைத் தொடவில்லை. அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. போன ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்ததும், இனிமேல் அண்ணன் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்றாள். யாரை நம்பி அந்தப் பேச்சு என்று எனக்குத் தெரியாதா?

நான் கத்தவில்லை. பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று வண்டியில் கரடியூர் காட்சிமுனைக்கு அழைத்துப்போனேன். பனி மூடியிருந்ததால் ஆள் நடமாட்டம் இல்லை. தடுப்புக் கம்பியைத் தாண்டி, பாறை ஓரத்தில் நிறுத்தி அவள் தோளைப் பிடித்தேன். அவள் கை பைக்குள் போனது. என் சட்டைப்பை அதிர்ந்தது. அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார் வரோணும்?" என்று கேட்டேன்.

"யாருமில்லைங்க. பனி ஏறுதுங்க, ஊட்டுக்குப் போலாமுங்க."

மறுபடி அதிர்ந்தது. என் போனை எடுத்து, வந்திருந்த மெசேஜை அவளிடம் காட்டினேன். அவள் அதைப் படித்தாள். கை பையிலிருந்து தானாக வெளியே வந்தது. அதற்குப் பிறகு தள்ளுவதற்கு எனக்குப் பெரிய பலம் ஒன்றும் தேவைப்படவில்லை.

கால் தவறி விழுந்தாள் என்று முதலில் சொன்னது பொய். நான்தான் தள்ளினேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவளுக்கு என்மேல் நம்பிக்கையே இல்லை என்று மேக்ஸ்வெல் சொல்லியிருக்கிறாராம். என் போன் உங்களிடம்தானே இருக்கிறது, திறந்து பாருங்கள் சார். ஆபத்து என்றதும் அபிஷா கூப்பிட்டது என்னைத்தான்.